நாவல்பழ ஜின் டானிக்

ஜின் டானிக்கில் பழம் சேர்க்க நினைப்பவர்களில் பாதிப் பேர் நேராக இனிப்புப் பழத்தின் பக்கம் போய்விடுகிறார்கள். பழுத்த மாம்பழம், அன்னாசி, டின்னில் வரும் லிச்சி. டானிக் கசக்கும், அதைச் சரிக்கட்ட இனிப்பு வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். பாட்டிலின் லேபிளைப் படித்தால் கணக்கு மாறிவிடும். சாதாரண டானிக் 100 மில்லியில் சுமார் 8 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு கிளாசுக்கு 150 மில்லி ஊற்றினால் கிட்டத்தட்ட மூன்று ஸ்பூன். கசப்பு முன்னால் நிற்பதால் நாக்குக்கு அது தெரிவதில்லை. அதன்மேல் மாம்பழக் கூழையும் போட்டால் நுரை அடங்கி, ஜின்னின் மணம் அமுங்கி, கல்யாண வீட்டு வெல்கம் டிரிங்க் ஒன்று கையில் மிஞ்சும்.

பழத்திடம் கேட்க வேண்டியது புளிப்பும் மணமும், கொஞ்சம் துவர்ப்பும். இவை மூன்றும் ஒன்றாக இருக்கும் பழம் காஞ்சிபுரத்தில் ஆனி, ஆடியில் தள்ளுவண்டி ஏறி, விநாயகர் சதுர்த்தி வரை கிடைக்கிறது. இந்த அத்தியாயம் பெரும்பாலும் நாவல்பழத்தைப் பற்றியதுதான். மற்றப் பழங்களைப் பிற்பாடு வேகமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கடைக்குப் போகும் வேலை. பழத்துக்கு ரயில்வே ரோட்டுப் பக்கம் ராஜாஜி மார்க்கெட். ராஜாஜி பெயர் கொண்ட சந்தையில் பழம் வாங்கி ஜின்னில் ஊறப் போடுவது சற்றுக் குறும்பான காரியம்தான். சென்னை மாகாணப் பிரதமராக 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். காஞ்சிபுரத்திலேயே பிறந்த அண்ணாவும் முதல்வராக இருந்த காலம் முழுக்க மதுவிலக்கைத் தளர்த்த மறுத்தவர். இருவரிடமும் மனத்துக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பழத்தைப் பொறுக்குங்கள். நல்ல நாவல் கறுத்து, தோல் இறுகி, காம்பு இருந்த இடம் உலர்ந்து இருக்கும். சிவப்புத் தட்டும் பழம் துவர்ப்பிலேயே நின்றுவிடும். நசுங்கிச் சாறு கசியும் பழம் அன்றைக்கே சாப்பிட ஆகும், ஊறப்போட ஆகாது. கொட்டை பெரிதாக இருப்பதால் கால் கிலோ வாங்கினால்தான் தேவையான சதை கிடைக்கும்.

ஜின்னுக்கு டாஸ்மாக். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டு இடங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது என்பது விதி. கோயிலுக்குக் கோயில் தெரு பிரிந்த காஞ்சிபுரத்தில் ஆகவே கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். 21 வயது நிரம்பியவருக்கே விற்பார்கள். கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். விடுமுறை நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாவல் பருவத்துக்குள் ஆகஸ்ட் 15 கட்டாயம் வரும். அன்று விருந்தாளிகளைக் கூப்பிட்டிருந்தால் முதல் நாளே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

எந்த ஜின்? நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாக இருந்துவந்த ப்ளூ ரிபாண்ட் மாதிரியான இந்திய ஜின்கள் எளிமையானவை. எலுமிச்சை பிழிந்து குடிக்கிற பழக்கத்துக்கென்றே பிறந்தவை. 2017 முதல் கோவாவிலிருந்து கிரேட்டர் தேன், ஹபூசா, ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் என்று புது வரிசை கிளம்பியது. ஹபூசாவில் இமயமலை ஜூனிபர் இருக்கிறது. ஸ்ட்ரேஞ்சரில் நம் நாட்டு எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் தோல் மணம் தூக்கலாக இருக்கும். இவற்றில் எது எந்த எலைட் கடையில் என்றைக்கு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாவலோடு சேர்ப்பதற்கு என் ஓட்டு, ஜூனிபர் மணம் ஒன்றே துலக்கமாகத் தெரிகிற எளிய ‘டிரை’ ஜின்னுக்கு. பத்துப் பன்னிரண்டு மணச் சரக்கு போட்ட விலை உயர்ந்த ஜின்னை நாவல் விழுங்கிவிடும்; காசுக்குக் கேடு. ஒரு ஆஃப், அதாவது 375 மில்லி, ஆறு பேருக்குத் தலா ஒரு லார்ஜ் என்ற அளவுக்குச் சரியாக வரும்.

இனி டானிக். கடையில் அதற்குப் பக்கத்திலேயே சோடா, லெமன் சோடா, ‘டானிக்’ என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்ட இனிப்புத் தண்ணீர் எல்லாம் அடுக்கியிருக்கும். லேபிளில் குயினைன் என்று இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் தீர இன்னொரு வழி உண்டு. இந்த ஊரில் அதற்கான கருவிக்குப் பஞ்சமில்லை. பட்டுச் சேலைக் கடைகளின் கல்லாவில் ரூபாய் நோட்டைச் சோதிக்க ஓர் ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். அதே மாதிரிச் சின்ன புற ஊதா டார்ச் கையில் இருந்தால், இருட்டில் டானிக் பாட்டில்மேல் அடியுங்கள். குயினைன் இருந்தால் தண்ணீர் முழுக்க நீலமாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நீலமாகத் திருப்பிக் கொடுப்பது குயினைனின் குணம். 1845-இலேயே ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி குயினைன் கரைசலில் இந்த நீலத்தைக் கண்டு எழுதிவைத்தார். அதே டானிக்கில் இரண்டு சிட்டிகை உப்பைக் கரைத்துவிட்டு மறுபடி டார்ச் அடித்தால் நீலம் மங்கிவிடும். உப்பிலுள்ள குளோரைடு அந்த ஒளியை அணைக்கிறது. வேடிக்கையாகத் தெரியும் இந்த உப்பு விஷயம் கிளாசிலும் நமக்கு வேலைக்கு ஆகப்போகிறது.

குயினைனுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. பெருவிலிருந்தும் ஈக்வடாரிலிருந்தும் சிங்கோனா விதைகளையும் நாற்றுகளையும் கொண்டுவரும் வேலையை கிளெமென்ட்ஸ் மார்க்கம் நடத்தினார். 1860-களின் தொடக்கத்தில் அவற்றை நீலகிரியில் நட்டு வளர்த்தவர் ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துவந்த மெக்கைவர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் வந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு நம் தாத்தாக்கள் ‘கொயினா’ என்று முகம் சுளித்து விழுங்கியதெல்லாம் இந்த மரப்பட்டையின் சத்துதான். இன்று அந்தச் சரிவுகளில் தேயிலை நிற்கிறது. வால்பாறைக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு சின்கோனா என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858-இல் டானிக் தண்ணீருக்குக் காப்புரிமை பெற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொயினாவை ஜின்னோடு கலந்து குடித்துக் காய்ச்சலிலிருந்து தப்பினார்கள் என்ற கதையை எல்லா பார்களிலும் சொல்வார்கள். கசப்புக்குத் துணையாக மதுவைச் சேர்த்துக் குடித்தது நடந்திருக்கும். ஆனால் இன்றைய டானிக்கை மருந்தாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு லிட்டருக்கு 83 மில்லிகிராம் குயினைன்தான் உச்ச வரம்பு. மலேரியா நோயாளிக்கு ஒரு வேளைக்கே 600 மில்லிகிராம் அளவில் கொடுப்பார்கள். அதை டானிக்கில் பெற ஏழு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். மருந்தாக இல்லாவிட்டாலும் தொந்தரவு தராது என்றும் இல்லை. கர்ப்பிணிகள் ஜின்னையும் டானிக்கையும் தொடக் கூடாது. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களும், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களும், குயினைன் ஒவ்வாதவர்களும் ஜின் இல்லாத வெறும் டானிக்கைக்கூடத் தவிர்க்க வேண்டும்.

சரி, சமையலறைக்கு வருவோம்.

கால் கிலோ நாவலை உப்புத் தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றி எடுங்கள். கத்தி வேண்டாம், விரலால் பிதுக்கினால் கொட்டை வந்துவிடும். சதையை ஒரு டப்பாவில் போட்டு ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது பழத்தின் உள்ளறைகள் உடைந்துவிடுவதால் மறுநாள் சாறு தானாக விடும். மத்தால் நசுக்க வேண்டிய அவசியம் இல்லை. நசுக்கினால் தோலின் துவர்ப்பு முழுக்க இறங்கிவிடும். உறைந்த சதையை அப்படியே அகலவாய்க் கண்ணாடி பாட்டிலில் கொட்டி, 375 மில்லி ஜின்னை ஊற்றி மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். இடையில் இரண்டு மூன்று தடவை பாட்டிலைச் சாய்த்துக் கொடுத்தால் போதும். இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். நிறம் முதல் சில மணியிலேயே இறங்கிவிடுகிறது, மணம் பாதி நாளில் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் இறங்குவது துவர்ப்பு மட்டும்தான். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணியைப் பிழியாதீர்கள், தானாகச் சொட்டட்டும்.

வடிகட்டிய பிறகு மிஞ்சும் சதையைப் பார்த்தால் வெறும் பழம் மாதிரியே இருக்கும். அதற்குள் ஜின் ஊறியிருக்கிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை மேஜையில் விட்டுவைக்காமல் உடனே அப்புறப்படுத்துங்கள். ஊறிய ஜின்னும் பார்வைக்குத் திராட்சை ஜூஸ்தான். பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

இப்போது கிளாஸ். எவர்சில்வர் டம்ளர் குளிர்ச்சிக்கு நல்லதுதான், ஆனால் நிறத்தை மறைத்துவிடும். ஜூஸ் கடையில் கொடுக்கும் உயரக் கண்ணாடி கிளாஸ் போதும். ஐஸைக் கேன் தண்ணீரில் நீங்களே உறைய வையுங்கள். மீனுக்கும் கல்யாணத்துக்கும் வரும் பாளம் ஐஸ் குடிப்பதற்கு ஆகாது. கிளாஸ் நிறைய ஐஸ் போட வேண்டும். ஐஸ் கூடினால் நீர்த்துவிடும் என்று இரண்டு கட்டியோடு நிறுத்துகிறவர்கள் எதிர்பாராத பலனைத்தான் அடைகிறார்கள்: கொஞ்சம் ஐஸ் சீக்கிரம் கரையும், நிறைய ஐஸ் மெதுவாகக் கரையும். நாவல் ஊறிய ஜின் 60 மில்லி, மேலே நன்றாகக் குளிர்ந்த டானிக் 150 மில்லி. டானிக்கை கிளாஸின் ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். நீள ஸ்பூனை அடிவரை விட்டு ஒரே தடவை தூக்கிவிட்டால் கலந்துவிடும். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் நுரை ஓடிப்போகும்.

ஊற்றும்போது நிறத்தைக் கவனியுங்கள். பாட்டிலில் கருநீலமாக இருந்தது கிளாசில் அரக்குச் சிவப்பாகத் திரும்பும். டானிக்கில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. நாவலின் நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். மிச்சமிருக்கும் இரண்டு சொட்டில் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தால் எதிர்ப் பக்கம் போவதையும் பார்க்கலாம். சாயப்பட்டறைக்காரர் வீட்டில் இதைச் செய்து காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். அவர்கள் தொழிலே தண்ணீரின் குணமறிந்து நிறம் பிடிப்பது.

குடித்துப் பாருங்கள். நாவலின் துவர்ப்பும் டானிக்கின் கசப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நாக்கு சற்று வறண்டு போகும். இங்கேதான் உப்பு வருகிறது. தள்ளுவண்டிக்காரர் நாவலை உப்பில் குலுக்கித் தருவது சும்மா இல்லை. உப்பு கசப்பை அடக்கும், அடங்கியிருந்த பழவாசனையை மேலே விடும். உப்புத்தூளை நேராக கிளாசில் போட்டுவிடாதீர்கள். உப்புப் போட்ட லெமன் சோடா பொங்கி வழிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு பங்கு உப்பை நாலு பங்கு தண்ணீரில் முன்பே கரைத்து வைத்துக்கொண்டு, நாலு சொட்டு விடுங்கள். அதற்குமேல் துவர்ப்புத் தெரிந்தால் அரை எலுமிச்சை மூடி பிழியலாம். சர்க்கரைப் பாகு சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இனிப்பு அதிகம் என்று தோன்றினால் டானிக்கில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் வெறும் சோடா ஊற்றுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. நாவல் சர்க்கரையைக் குறைக்கும், ஆகவே இந்தக் கிளாஸ் நமக்கு நல்லது என்று ஒரு வாதம் கிளம்பும். டானிக்கின் சர்க்கரை அப்படியே உள்ளே போகிறது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு, வெறும் வயிற்றில் மது போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கவும் செய்யும். மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பை ஒரு லார்ஜே தாண்டிவிடக்கூடும். சென்னையிலிருந்து சேலை எடுக்க வந்த விருந்தாளி என்றால் ராத்திரி தங்கிவிடச் சொல்லுங்கள்.

நாவல் இல்லாத மாதங்களுக்கு: சித்திரையில் கிளிமூக்கு மாங்காய். தோலோடு மெல்லிய சீவலாக நாலு, நீளமாகக் கீறிய பச்சைமிளகாய் ஒன்று, உப்புத் தண்ணீர் சொட்டு. ஊறப்போட வேண்டியதில்லை, கிளாசில் நேராகப் போடலாம். நாவலுக்கு அடுத்த இடம் என் கணக்கில் இதற்குத்தான். மற்ற நாட்களில் பன்னீர் திராட்சை. கம்பத்திலிருந்து ஏறக்குறைய ஆண்டு முழுக்க வரும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை. பத்துப் பழத்தைத் தோலோடு நசுக்கி வடித்து, பாதி டானிக் பாதி சோடா என்று ஊற்றினால் ரோஜா வாசனை தூக்கும். நெல்லிக்காய் வேண்டாம், கசப்புக்கு மேல் துவர்ப்பு தாங்காது. கொய்யாவின் கூழ் அடியில் தங்கிவிடும். அதை மிளகாய்த்தூள் தடவித் தட்டில் வையுங்கள், கிளாசில் வேண்டாம். பம்ப்ளிமாஸ் ருசியில் மிக நன்றாகச் சேரும், ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளோடு அது ஒத்துப்போகாது. விருந்தாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அதை விட்டுவிடலாம்.

காஞ்சிபுரத்து வீடுகளில் குடிப்பவர் இருவர் என்றால் குடிக்காதவர் எட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு பன்னீர் சோடாவை நீட்டிவிட்டு ஒதுங்குவது மரியாதை இல்லை. ஜின்னின் மணத்தில் ஜூனிபருக்கு அடுத்த பெரிய பங்கு கொத்தமல்லி விதைக்கு. அது நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு ஸ்பூன் தனியா, நாலு ஏலக்காய், நாலு மிளகு, சின்னத் துண்டு சுக்கு. ஒன்றிரண்டாகத் தட்டி, 100 மில்லி கொதிநீரில் ஐந்து நிமிடம் மூடிவைத்து வடித்து ஆறவிடுங்கள். மிளகும் சுக்கும் காஞ்சிபுரம் இட்லிக்கு வாங்கியதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இந்த நீர் 30 மில்லி, உறைய வைத்த நாவலிலிருந்து வடிந்த சாறு 30 மில்லி, டானிக் 150. நிறம் அதே அரக்கு, கசப்பும் அதே. இரண்டு கிளாசும் ஒன்றுபோலவே இருப்பதால் மாறிப்போகும். ஜின் உள்ளதில் எலுமிச்சைச் சீவலும், இல்லாததில் புதினாவும் செருகி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குயினைன் ஆகாதவர்களுக்கு டானிக்குக்குப் பதில் சோடாவும் ஒரு ஸ்பூன் நன்னாரி சர்பத்தும்.

கடைசியாகக் கறை. நாவல் சாறு பட்டுச் சேலையில் சிந்தினால் சோப்பைத் தொடாதீர்கள். சோப்பின் காரத்தில் கறை நீலமாகும், பட்டுக்கும் காரம் ஆகாது. தேய்க்கவும் கூடாது. உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் கோர்வைச் சேலை என்றால் தண்ணீர் கரைப் பக்கம் பரவவிடாதீர்கள், ஒன்றின் சாயம் மற்றதில் ஏறிவிடலாம். ஜரிகையில் பட்டிருந்தால் ஒற்றுவதோடு நிறுத்திக்கொண்டு மறுநாளே டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது கறை நாவல்பழம், அதில் மதுவும் கலந்திருக்கிறது என்று கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். எதைப் போட்டு எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.